ஏழாவது வாசல் டப்பா

திருச்செங்கோடு
8-1-1978

மச்சான் அவர்களுக்கு,

தங்கசாமி எழுதுகிறேன். இங்கே நானும் உங்கள் தங்கை சௌந்திரமும் சுகம். குட்டி கண்ணாத்தாளுக்குச் சளி விட்டுவிட்டது. இப்போது நாலு வார்த்தை பேசுகிறாள், அதில் மூன்று ‘மாமா’. உங்களைக் குளிர வைப்பதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன். கீழே ஒரு உதவி கேட்கப் போகிறேன்.

அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, சேலத்து மோட்டார் சங்கம் ஒன்று கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கம் ஒரு தரிசு நிலத்தில் ஆட்டோகிராஸ் என்று ஒன்று நடத்துகிறது. பயந்துவிடாதீர்கள், பத்து வண்டி சேர்ந்து ஓடி முட்டிக்கொள்ளும் ரேஸ் இல்லை இது. தகர டப்பாக்களுக்குச் சுண்ணாம்பு பூசி, இரண்டிரண்டாக வாசல் மாதிரி வைத்திருப்பார்கள். மொத்தம் ஒன்பது வாசல். ஒரு நேரத்துக்கு ஒரே வண்டி, அத்தனை வாசலிலும் நுழைந்து வளைந்து திரும்பி வர வேண்டும். ஸ்டாப் வாட்சில் நேரம் பார்ப்பார்கள். டப்பாவைத் தள்ளினால் ஐந்து விநாடி கூட்டுவார்கள். வாசலையே விட்டுவிட்டால் அந்த ஓட்டம் செல்லாது. ஆளுக்கு இரண்டு ஓட்டம், நல்லது கணக்கு. வீட்டில் ஓட்டுகிற வண்டியே போதும் என்கிறார்கள்.

நம்மிடம் இருப்பது அப்பா வாங்கிய பச்சை பியட்தான். பருத்திக்கொட்டை மூட்டை ஏற்றினது, ஆட்டுக்கிடாயை ஏற்றினது, கல்யாணமாகி உங்கள் தங்கையை ஏற்றி வந்தது, எல்லாம் அதே வண்டி. போன ஞாயிறு பழகிப் பார்க்கப் போனேன். பளபளவென்று நாலைந்து வண்டி நின்றது. நான் போய் இறங்கியதும் ஒருவர், “மூட்டையெல்லாம் எறக்கியாச்சுங்களா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காது மட்டும் சுட்டது.

சிரிக்காத ஆள் ஒருவர்தான். அங்கமுத்து என்று பெயர், சேலத்தில் டாக்சி ஓட்டுகிறார். முதலாளியின் பழைய லேண்ட்மாஸ்டர் காரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அவராகவே வந்து என் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். “பின் சீட்டு, ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாங் கழட்டீருங்க. பேட்டரியை இறுக்கிக் கட்டுங்க. முன் டயருக்கு நாலு பவுண்டு காத்து சேத்துப் புடிங்க” என்றார். என் வண்டியின் முன்கதவு பின்பக்கம் வாய் பிளக்கிறதல்லவா, அது திருப்பத்தில் திறந்துகொள்ளாமல் இருக்கக் கயிறு போட்டுக் கட்டவும் அவர்தான் காட்டிக்கொடுத்தார். பிறகு இரண்டு பேரும் ஒன்பது வாசலையும் நடந்தே பார்த்தோம். “டப்பாவைப் பாக்காதீங்க. பாத்தா அதும் மேலயே போவீங்க. அடுத்த வாசலைப் பாருங்க” என்றார்.

உதவி இதுதான். இடுப்பில் பெல்ட் கட்டாமல் விடமாட்டார்களாம். உங்கள் ஜலகண்டாபுரத்துத் தறியில் கட்டில் நாடா மாதிரி, ஆனால் கெட்டியாக, நாலு விரல் அகலத்தில் ஒன்று நெய்து அனுப்ப முடியுமா? சௌந்திரத்திடம் எல்லாம் சொல்லிவிட்டேன். “அந்த வண்டி உருண்டுச்சுன்னா நான் பொறந்த ஊட்டுக்கு பஸ்லதான் போகோணும்” என்கிறாள். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

தங்கசாமி

—

ஜலகண்டாபுரம்
17-1-1978

மாப்பிள்ளை அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உதவி கேட்பதற்குக் குழந்தையை முன்னால் விடுகிற வழக்கம் உங்கள் வீட்டில் யாரிடம் கற்றீர்கள் என்று தெரியும், என் தங்கையிடம்தான்.

நாடா இத்துடன் பஸ் பார்சலில் வருகிறது. எங்கள் கடையில் தறிச் சாமான் வாங்கும் பொன்னன் நெய்தது. சிவப்பு நூல், ஓரத்தில் கறுப்பு. இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து இழுத்துப் பார்த்தோம், அறவில்லை. பொன்னன், “இதுல யானையக் கட்டலாமுங்க” என்றான். யானை இல்லை, எங்கள் மாப்பிள்ளையைத்தான் கட்டப்போகிறோம் என்று சொன்னேன்.

நானும் பன்னிரண்டாம் தேதி வருகிறேன். அந்தச் சங்கத்துச் செயலாளர் எனக்குப் பழக்கம். வாசலுக்கு வாசல் கொடியோடு நிற்க ஆள் பற்றவில்லை, நீங்கள் ஒரு வாசலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். சரி என்றுவிட்டேன். டப்பா விழுந்தால் சிவப்புக் கொடியைத் தூக்க வேண்டும், எடுத்து மறுபடி நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. இப்போதே சொல்லிவிடுகிறேன் மாப்பிள்ளை, என் வாசலில் நீங்கள் தட்டினால் கொடி தூக்கிவிடுவேன். அதில் உறவுமுறை கிடையாது.

முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பாருங்கள். பேரிங் கடகடத்தால் மாற்றாமல் போகாதீர்கள். பிரேக் ஆயிலையும் பாருங்கள். வண்டி பழையது என்று யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். உங்களுக்குக் காது சீக்கிரம் சுடும், அது நீங்கள் பெண் பார்க்க வந்த அன்றைக்கே எனக்குத் தெரியும்.

சென்னியப்பன்

—

திருச்செங்கோடு
21-2-1978

மச்சான் அவர்களுக்கு,

ஒன்பது நாளாக எழுத உட்காருவதும் எழுந்துபோவதுமாக இருக்கிறேன். அன்றைக்கு நீங்கள் சாப்பிடக்கூட நிற்காமல் ஜலகண்டாபுரம் பஸ்ஸைப் பிடித்துவிட்டீர்கள்.

கோப்பை பீரோ மேலே இருக்கிறது. ஊரில் இருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். பருத்திக்கொட்டை வண்டி ஜெயித்துவிட்டது என்று பெரியப்பா இரண்டு முறை பஞ்சாயத்து ஆபீசில் போய்ச் சொல்லியிருக்கிறார். சௌந்திரம் தினம் துடைக்கிறாள்.

முதல் ஓட்டத்தில் நான் நாலாவது வாசலை விட்டுவிட்டது உங்களுக்குத் தெரியும். இரண்டாவதுதான் கணக்கு. எனக்கென்று ஹெல்மெட் இல்லாததால் அங்கமுத்து தன்னுடையதைக் கழற்றி என் தலையில் மாட்டி, வாரையும் அவரே இறுக்கினார். அவருக்கு எனக்கு அடுத்த ஓட்டம். இரண்டாவது கியரிலேயே போனேன். ஆறாவது வாசல் வரைக்கும் அவர் சொன்னபடி அடுத்த வாசலை மட்டும் பார்த்தேன். நீங்கள் நின்ற ஏழாவதில் ஜனக்கூட்டம் தெரிந்தது, சௌந்திரத்தின் மஞ்சள் சேலை தெரிந்தது. கொஞ்சம் அகலமாகப் போய்விட்டேன். பின்பக்கம் ஏதோ தட்டியது போல இருந்தது. பிறகு எட்டு, ஒன்பது, முடிவுக் கயிறு. ஒரு நிமிஷம் பதினெட்டு விநாடி என்றார்கள். அங்கமுத்துவுக்கு ஒரு நிமிஷம் இருபது.

பிறகு நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். அங்கமுத்து நேரம் குறிக்கிற மேஜைக்கு முன்னால் வந்து நின்று, “நான் ஹெல்மெட்டுக்காக அங்கதான் காத்துட்டு நின்னனுங்க. ஏழாவதுல டப்பா உழுந்துச்சுங்க. வண்டியப் பாருங்க, பெயிண்ட் போயிருக்கும்” என்றார். செயலாளர், அந்த வண்டியில் நூறு கீறல் இருக்கிறது, எதைப் பார்ப்பது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என்னைக் கேட்டார்கள், தெரியவில்லை என்றேன். உங்களைக் கேட்டார்கள், விழவில்லை என்றீர்கள். பொய்ப் புகார் கொடுத்ததற்காக அங்கமுத்துவை ஒரு வருஷம் சேர்ப்பதில்லை என்று அங்கேயே எழுதிவிட்டார்கள்.

மச்சான், அந்த இடத்தில் கல் ஏதாவது கிடந்ததா? நடந்து பார்த்தபோது ஒரு கல்லைப் பார்த்த ஞாபகம். கல்லாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் பக்கத்தில் நின்றதால் கேட்கிறேன்.

தங்கசாமி

—

ஜலகண்டாபுரம்
2-3-1978

மாப்பிள்ளை அவர்களுக்கு,

கல்தான்.

கடையில் ஆள் இல்லை. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். தங்கைக்கும் குழந்தைக்கும் என் அன்பு.

சென்னியப்பன்

—

திருச்செங்கோடு
10-4-1978

மச்சான் அவர்களுக்கு,

கண்ணாத்தாளுக்கு வைகாசி 28, ஞாயிற்றுக்கிழமை, காது குத்துவதாக முடிவு செய்திருக்கிறோம். இங்கே மலைக்கோயில் அடிவாரத்தில் மொட்டை, வீட்டில் விருந்து. தாய்மாமன் மடிதான் முக்கியம், மற்றதெல்லாம் அப்புறம். ஆசாரியிடம் நாள் சொல்லியாகிவிட்டது. தோடு நீங்கள் கொண்டுவர வேண்டும் என்று நான் எழுத வேண்டியதில்லை, உங்கள் தங்கை தனியாக எழுதுவாள்.

மாசியில் வருகிறேன் என்றீர்கள், வரவில்லை. பங்குனியில் ஈரோடு வரை வந்துவிட்டு எங்கள் ஊர் வழியாகவே திரும்பிப் போயிருக்கிறீர்கள். பஸ் ஜன்னலில் உங்களைப் பார்த்ததாக எங்கள் ஊர் ஆண்டி வந்து சொன்னார். சௌந்திரம் என்னிடம், “எங்கண்ணனை நீங்க என்ன சொன்னீங்க?” என்று கேட்கிறாள். நான் என்ன சொன்னேன் மச்சான்?

போன வாரம் டயர் வாங்க சேலம் போனேன். டாக்சி ஸ்டாண்டைத் தாண்டித்தான் அந்தக் கடை. அங்கமுத்து வண்டி மேல் சாய்ந்து நின்றிருந்தார். அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. “டேய் டப்பா, ஏற்காடு சவாரி வருது பாரு” என்று ஒருவன் கத்தினான். அவர் போய் வண்டியை எடுத்தார்.

நான் சோடாக்கடைப் பந்தலுக்குள் நுழைந்துகொண்டேன். தாகமில்லாமலே ஒரு சோடாவைக் குடித்தேன். அவருடைய ஹெல்மெட் இன்னும் என் வண்டியில்தான் இருக்கிறது. அன்றைக்கு என் மறு ஓட்டம் முடிந்ததும் அவர் போட்டு ஓட்டிவிட்டு, கோப்பை கொடுக்கிற நேரத்தில் என் வண்டிக் கூரை மேல் வைத்தார். புகார் சொல்லப் போனவர் அதை மறந்துவிட்டார். திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

காதுகுத்துக்கு வருகிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

தங்கசாமி

—

ஜலகண்டாபுரம்
24-4-1978

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நான் காதுகுத்துக்கு வரவில்லை. தோட்டைப் பொன்னனிடம் கொடுத்து அனுப்புகிறேன். என் சித்தப்பா மகன் மடியில் குழந்தையை வைத்துக்கொள்ளட்டும். அவனும் மாமன் முறைதான்.

இந்த நாலு வரியை மட்டும் எழுதி உறையில் போட்டேன். பிறகு என் மனைவி பழனியம்மாள் அதைப் பிரித்துப் படித்துவிட்டு, “கூடப் பொறந்தவ புள்ளைக்கு மடி குடுக்காத அண்ணன் ஊருல உண்டா? என்ன காரணமுன்னு மாப்பிளைக்கு எழுதுங்க” என்று மேஜை மேல் திருப்பிப் போட்டாள். எழுதுகிறேன்.

கல் இல்லை. டப்பாதான்.

நீங்கள் திரும்பியபோது பின்சக்கரத்துக்கு மேலே உள்ள தகடு டப்பாவில் பட்டது. டப்பா சாய்ந்து இரண்டு உருள் உருண்டது. என் கையில் கொடி இருந்தது. கையும் மேலே போனது. அப்போது ஜனங்களைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் சௌந்திரம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். உங்கள் பெரியப்பா, உங்கள் பங்காளிகள் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எங்கள் அப்பா ஞாபகம் வந்தது. கல்யாணத்தன்று மணவறையில் மச்சினன் சீருக்கு நான் உங்களோடு கை கோத்து உட்கார்ந்து எழுந்ததும், அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, “பொண்ணு குடுத்த ஊடு நாம. மாப்பிளை மொகம் நம்மளால சுண்டக் கூடாது சாமி” என்றார். அவர் சொன்னது பந்தியில் குறை வைப்பதைப் பற்றி. நான் அதை அந்தப் பந்தயக் காட்டில் கொண்டுபோய் வைத்துக்கொண்டேன்.

கொடியை இறக்கிவிட்டேன். வண்டி கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் டப்பாவை எடுத்து நிறுத்தினேன். ஒரு பக்கம் நசுங்கி, உங்கள் வண்டியின் பச்சை பெயிண்ட் அப்பியிருந்தது. அந்தப் பக்கத்தை யாருக்கும் தெரியாதபடி பின்னால் திருப்பி வைத்தேன். அங்கமுத்து பத்தடியில் நின்றார். நான் திருப்பி வைத்ததை அவர் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அதற்குப் பிறகும் மேஜை முன்னால் போய், விழவில்லை என்று சொன்னேன். தோட்டமும் கடையும் உள்ள இரண்டு பேர் ஒரு பக்கம், கூலிக்கு டாக்சி ஓட்டுகிறவர் ஒரு பக்கம். யார் சொல்லை எடுப்பார்கள் என்று எனக்குத் தெரிந்துதான் சொன்னேன்.

கூட்டம் கலைந்ததும் அந்த டப்பாவைச் சாக்கில் போட்டு பஸ்ஸில் எடுத்து வந்துவிட்டேன். சாப்பிட நிற்காததற்குக் காரணம் அதுதான். கடையில் தறிச் சாமானுக்குப் பின்னால் இருக்கிறது. தூக்கிப் போட மனம் வரவில்லை. ஏழு என்று எழுதிய எண் அழியாமல் இருக்கிறது.

உண்மையைச் செயலாளரிடம் சொல்லிவிட நான் தயார். ஆனால் நான் சொன்னால் உங்கள் கோப்பை போகும். ஊர் உங்களைத்தான் பேசும், மாப்பிள்ளை ஏமாற்றி ஜெயித்தார் என்று. உங்களுக்குத் தெரியாமல் நான் செய்ததற்கு உங்கள் தலை குனிய வேண்டுமா? அதனால் உங்கள் சம்மதம் இல்லாமல் செய்யமாட்டேன். இதைச் சொல்லாமல் உங்கள் வீட்டுப் பீரோவுக்குக் கீழே உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த மடி சுத்தமாக இருக்க வேண்டாமா?

சென்னியப்பன்

—

திருச்செங்கோடு
3-5-1978

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் வந்தது கோபம். உங்களை யார் காப்பாற்றச் சொன்னது என்று கத்தி எழுதி, அதைக் கிழித்துப் போட்டேன். அந்தக் கோபம் பொய். உண்மையை நீங்கள் எழுதிவிட்டதால் இனி நானும் எழுத வேண்டியிருக்கிறதே என்ற கோபம்.

“உங்களுக்குத் தெரியாமல்” என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். தகரம் நசுங்குகிற சத்தம் கல்லில் வராது. எட்டாவது வாசலுக்குப் போவதற்குள்ளேயே தெரியும். கயிற்றைத் தாண்டி நிறுத்தியதும் திரும்பி உங்கள் கொடியைத்தான் பார்த்தேன். அது கீழே இருந்தது. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது சோறு இறங்கவில்லை. மச்சான் நம்ம ஆள் என்று நினைத்தேன். என் தலையில் அங்கமுத்துவின் ஹெல்மெட் இருந்தது.

தெரியவில்லை என்று மேஜை முன்னால் சொன்னேனே, அது உங்கள் பொய்யை விடக் கேவலம். நீங்கள் விழவில்லை என்று ஒரு பக்கமாவது நின்றீர்கள். நான் பழி உங்கள் மேல் விழட்டும் என்று ஒதுங்கி நின்றேன். அதன் பிறகும் கல்லா என்று உங்களையே கேட்டேன். கல்தான் என்று நீங்கள் எழுத வேண்டும் என்பதற்காகவே கேட்டேன். எழுதினீர்கள். அந்தக் கடிதத்தை நாலைந்து தடவை எடுத்துப் படித்தேன், ஒவ்வொரு தடவையும் அதை நம்பப் பார்த்தேன்.

நான் உண்மையைச் சொன்னால் மச்சான் பொய்ச்சாட்சி ஆகிவிடுவாரே என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்கள் மாப்பிள்ளைக்காக என்கிறீர்கள், நான் மச்சானுக்காக என்கிறேன். நடுவில் அங்கமுத்து டப்பா ஆகிவிட்டார்.

நேற்று சௌந்திரத்திடம் சொன்னேன். அவள் கோப்பையை பீரோவிலிருந்து இறக்கி, முந்தானையால் ஒரு முறை துடைத்து, பழைய துணியில் சுற்றி என் முன்னால் வைத்தாள். “எங்கண்ணன் மடி இல்லாம எம் புள்ளைக்குக் காது குத்தறதில்லீங்க” என்றாள். அவ்வளவுதான். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இன்று காலையில் கோப்பையையும் ஹெல்மெட்டையும் எடுத்துக்கொண்டு சேலம் போனேன். ஸ்டாண்டுக்கு எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்தி அரைமணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அங்கமுத்து இருந்தார். ஏழெட்டு டிரைவர்கள் இருந்தார்கள். தனியாக இருந்தால் சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவர் தனியாக ஆகவே இல்லை. திரும்பி வந்துவிட்டேன். ஒன்பது வாசல் வளைந்து ஓட்டினவனுக்கு ஒரு ரோட்டைக் கடக்கக் கால் வரவில்லை.

சம்மதம் கேட்டிருந்தீர்கள். சம்மதம். செயலாளருக்கு நீங்கள் எழுதுங்கள், நானும் எழுதுகிறேன். அந்த டப்பாவை மட்டும் எனக்குக் கொடுங்கள். கையில் அது இருந்தால் பேசாமல் திரும்ப முடியாது என்று நினைக்கிறேன்.

தங்கசாமி

—

திருச்செங்கோடு
22-5-1978

மச்சான் அவர்களுக்கு,

போன திங்கட்கிழமை நீங்கள் கடையில் இல்லாத நேரமாகப் பார்த்து வந்துதான் டப்பாவை எடுத்தேன். கடையைப் பார்த்துக்கொண்டிருந்த பொன்னன் எடுத்துக் கொடுத்தார். உங்களைப் பார்த்தால் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொண்டு காப்பி குடித்துவிடுவோம் என்று பயந்தேன். அங்கிருந்து நேராக சேலம்.

இந்த முறை வண்டியை எதிர்ப்பக்கம் நிறுத்தவில்லை. ஸ்டாண்டுக்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்தினேன். “டாக்சி நிக்கற எடமுங்க” என்று ஒருவர் சத்தம் போட்டார். அங்கமுத்து திரும்பிப் பார்த்தார். வண்டியைப் பார்த்ததுமே அவருக்கு முகம் மாறியது. நான் ஹெல்மெட்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

“அங்க வந்து பேசலாமுங்களா?” என்று மரத்தடியைக் காட்டினேன்.

“எதுக்குங்க? அன்னைக்கு நான் பொய்காரன்னு அத்தனை பேரு முன்னாலதான சொன்னாங்க? சொல்றதை இங்கயே சொல்லுங்க” என்றார்.

சொன்னேன் மச்சான். நன்றாகச் சொன்னேன் என்று எழுத ஆசைதான், அப்படி இல்லை. பின்னால் நின்ற ஒருவர், “கேக்கலீங்க, சத்தமா” என்றார். மறுபடி முதலில் இருந்து சொன்னேன். டப்பா விழுந்தது, எனக்குத் தெரியும், என் மச்சான் நிறுத்தி வைத்தார், அங்கமுத்து சொன்னது உண்மை, நாங்கள் இரண்டு பேரும் சொன்னது பொய். சாக்கை அவிழ்த்து டப்பாவைத் தரையில் வைத்தேன். அவரே குனிந்து என் வண்டியின் பின் தகட்டில் இருந்த கீறலையும் டப்பாவில் இருந்த பச்சையையும் விரலால் தடவிப் பார்த்தார். நூறு கீறலில் எது என்று அவருக்குத் தேட வேண்டியிருக்கவில்லை.

யாரும் கை தட்டவில்லை, யாரும் திட்டவும் இல்லை. ஒரு டிரைவர், “அப்ப இவனை இத்தனை நாளா நாங்க டப்பான்னு கூப்பிட்டதுக்கு யாருங்க பொறுப்பு?” என்று கேட்டார்.

கோப்பையைத் துணி பிரித்து நீட்டினேன். அங்கமுத்து அதை வாங்கவே இல்லை. “முதலாளி அன்னைக்கே சொல்லிப்போட்டாரு, இனி வண்டி தரமுடியாதுன்னு. சங்கத்துல சேத்துக்கிட்டாலும் நான் எதுல ஓட்டறதுங்க? இதை வெச்சு என்ன பண்றது?” என்றார். பிறகு, “அந்த டப்பாவை வேணுமின்னா வெச்சுட்டுப் போங்க” என்றார்.

வைத்துவிட்டு வந்தேன். கிளம்பும்போது அவர் என் முன் சக்கரத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டி, “பேரிங் சத்தம் போடுதுங்க. பாத்துக்குங்க” என்றார். வீடு வரைக்கும் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். இரண்டு வசவு திட்டியிருந்தால் தேவலை.

கோப்பையைச் சங்கத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். அங்கமுத்து மேல் போட்ட தடையை எடுத்து, எனக்கு இரண்டு வருஷத் தடை என்று செயலாளர் எழுதியிருக்கிறார். உங்களுக்கும் எழுதியிருப்பார். பெரியப்பா என்னோடு பேசுவதில்லை. பஞ்சாயத்து ஆபீஸ் பக்கம் அவர் போவதும் இல்லை.

வைகாசி 28. நீங்கள் வர வேண்டும்.

தங்கசாமி

—

ஜலகண்டாபுரம்
5-6-1978

மாப்பிள்ளை அவர்களுக்கு,

சனிக்கிழமை சாயங்காலமே வந்துவிடுகிறேன். தோடு வாங்கியாகிவிட்டது. பழனியம்மாள் எனக்குப் புது வேட்டி எடுத்து வைத்திருக்கிறாள், மடி சுத்தமாக இருக்கட்டும் என்று கேலி பேசுகிறாள். உங்கள் பெரியப்பாவிடம் நானே வந்து பேசுகிறேன். மாப்பிள்ளை மேல் தப்பில்லை என்று சொல்லமாட்டேன். இரண்டு பேர் மேலும் தப்பு என்று சொல்வேன்.

நீங்கள் ஸ்டாண்டில் சொன்னதில் என் பங்கும் இருந்தது. அதை நீங்கள் சொல்லி முடித்துவிட்டால் ஆகாது என்று நேற்று நானும் போனேன். அங்கமுத்து சவாரி போயிருந்தார். காத்திருந்தேன். வந்ததும் அவர் முன்னால் நின்று, “திருப்பி வெச்சதை நீங்க பாத்தீங்க. பாத்தீங்கன்னு தெரிஞ்சும் சொன்னனுங்க” என்றேன். மன்னிக்க வேண்டும் என்று கேட்க நினைத்தேன், வாயில் வரவில்லை. அவர், “சரிங்க, உக்காருங்க” என்றார். உட்கார்ந்தேன்.

டப்பாவை அவர்கள் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வைத்திருக்கிறார்கள். கைப்பிடிக்குக் கம்பி கட்டியிருக்கிறது. ஸ்டாண்டுக்கு வருகிற எல்லா வண்டிக்கும் அதில்தான் தண்ணீர். ஏழாம் எண்ணும் இருக்கிறது, நசுங்கலும் பச்சையும் அப்படியே இருக்கிறது. அங்கமுத்துவை இப்போது பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஒருவன் மட்டும் பழக்கதோஷத்தில் டப்பா என்றான், மற்றவர்கள் அவனை முறைத்தார்கள்.

நான் பார்க்கும்போது டப்பாவில் தண்ணீர் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயில் நிரப்பி, கொண்டுவந்து இருந்த இடத்திலேயே வைத்தேன். வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அங்கமுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்தார். குனிந்து, தண்ணீர் சிந்தாமல் டப்பாவை மெதுவாகத் திருப்பினார்.

அப்போதுதான் பார்த்தேன் மாப்பிள்ளை. நசுங்கிய பக்கத்தை நான் சுவரைப் பார்த்து வைத்திருந்தேன். அவர் அதை ரோட்டைப் பார்க்க வைத்துவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

சென்னியப்பன்